கல்லை ஆய்ந்த கண்

தமிழாசிரியனுக்கும் பாறைக்கும் என்ன தொடர்பு என்று மாணவச் செல்வங்கள் வினவக்கூடும். கோவையில் நிலவியல் கற்பிக்கும் நண்பர் ஒருவரின் ஆய்வகத்தில் கழித்த ஒரு பிற்பகல் எனக்கு அதற்கான விடையைத் தந்தது.

மதுக்கரைச் சுண்ணாம்புக்கல்லைக் கொங்கு மக்கள் நன்கறிவர். 1934இல் அங்குத் தொடங்கிய சிமெண்ட் ஆலைக்கு அதுவே மூலப்பொருள். இத்தகைய சுண்ணாம்புக்கல்லை நிலத்தினடியில் கொதிக்கும் பாறைக்குழம்பு ஊடுருவினால், அதன் வெப்பத்தாலும் வெந்நீராலும் கல் மாறிப் புதிய கனிமங்கள் பிறக்கும். அவ்வாறு பிறந்த பாறைக்கு ‘ஸ்கார்ன்’ என்று பெயர். அது சுவீடன் நாட்டுச் சுரங்கத் தொழிலாளர் வழங்கிய சொல். தாதுவைச் சூழ்ந்திருந்த பயனற்ற கல்லை அவர்கள் அவ்வாறு அழைத்தனர். அக்கழிவின் பெயரே இன்று டங்ஸ்டன், செம்பு முதலியவற்றைத் தேடுவோர் உன்னிப்பாய் நாடும் பாறையின் பெயராயிற்று.

நண்பர் அத்தகைய பாறையொன்றை 0.03 மில்லிமீட்டர் தடிப்புள்ள சீவலாகத் தேய்த்துக் கண்ணாடியில் ஒட்டி வைத்திருந்தார். நுண்ணோக்கியில் முதலில் நோக்கியபோது கார்னெட்டும் டயாப்சைடும் ஏறத்தாழ நிறமற்றனவாய், ஒன்றுபோலவே தோன்றின. நம் நவமணிகளுள் ஒன்றான கோமேதகமும் கார்னெட் இனத்ததே என்றார் நண்பர். பின்னர், ஒளியைத் தளவிளைவுறச் செய்யும் வடிப்பான்கள் இரண்டையும் ஒன்றுக்கொன்று குறுக்காக அமைத்தார். கார்னெட் இருண்டது, மேடையை எப்பக்கம் சுழற்றினும் ஒளிரவில்லை. டயாப்சைடோ நீலமும் செம்மையுமாய் மின்னி, ஒரு முழுச் சுற்றில் நான்கு முறை மட்டும் இருண்டது. “ஆனால் இவ்வொரு குறியை மட்டும் நம்பிவிடக் கூடாது ஐயா. ஸ்கார்ன் கார்னெட்டுகளுள் சில முற்றிலும் இருளா. வடிவத்தையும் பிளவுக்கோடுகளையும் சேர்த்துப் பார்த்தே பெயர் சொல்ல வேண்டும்” என்றார்.

எனக்குச் சிலப்பதிகாரம் நினைவில் எழுந்தது. வெளித்தோற்றத்தில் இரு சிலம்புகளும் ஒன்றே. உள்ளிருந்த பரல்களோ, ஒன்றில் மாணிக்கம், மற்றதில் முத்து. உடைத்துப் பார்க்குமுன் தீர்ப்புரைத்ததால் ஓர் உயிர் போயிற்று; ஒரு நகர் எரிந்தது.

ஆசிரியப் பணியிலும் இவ்வபாயம் உண்டு. தேர்வுத்தாள் என்னும் ஒரே ஒளியில் மாணவனைப் பார்த்து ‘இவன் தேறமாட்டான்’ என்று எழுதிவிடுகிறோம். இலக்கணத்தில் இருண்டு நிற்பவன் மேடையில் ஒளிர்வதுண்டு. வகுப்பில் வாய் திறவாதவள் கவிதையில் பேசுவதுண்டு. பெற்றோரும் பெரியோரும் கூட ஒரு மதிப்பெண்ணைக் கொண்டு பிள்ளையின் வாழ்வை அளந்துவிடுகின்றனர். கல்லுக்குப் பெயரிடவே இத்தனை பொறுமை வேண்டுமெனில், மனிதப் பிள்ளையை மதிப்பிட எத்தனை வேண்டும்! சற்றே சுழற்றிப் பார்ப்போம், அதன்பின் தீர்ப்பெழுதுவோம்.