மறுப்பின் காரணம் பதிவேட்டில் இருக்கிறது

விருத்தாசலத்தில் பீங்கான் தொழில் தெரிந்தவர்கள், சூளையிலிருந்து விரிசலோடு வந்த பொருளைப் பூசி மறைக்க மாட்டார்கள். கோளாறு களிமண் கலவையிலா, உலர்த்தியதிலா, சுட்டதிலா என்று தேடிப் போவார்கள். கண்டெய்னரில் வரும் ‘பெர்மிஷன் டினைடு’ பிழையையும் அப்படித்தான் அணுக வேண்டும். ஒரு பட்டறையின் ஆர்டர் கணக்கைக் கண்டெய்னரில் ஓட்டுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். கோப்புறையின் உரிமையாளர் சரி, ரீட்-ரைட் அனுமதியும் சரி. ஆனாலும் கண்டெய்னரால் அதைத் திறக்க முடியவில்லை. உடனே அனுமதியை 777 ஆக்குகிறோம். அதுவும் பலிக்காவிட்டால் ‘செட்என்ஃபோர்ஸ் 0’ அடித்து எஸ்இ-லினக்ஸின் தடையை எடுத்துவிடுகிறோம். முன்னது வீண் வேலை, பின்னது ஆபத்து.

காரணம், இங்கே சோதனை இரண்டு கட்டமாக நடக்கிறது. உரிமையாளர், குழு என்ற பழைய கணக்கில் தேறினாலும், அடுத்து எஸ்இ-லினக்ஸ் ஒட்டும் லேபிள் பொருந்த வேண்டும். அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமை 2000-இல் வெளியிட்ட எஸ்இ-லினக்ஸ், 2003-இல் கெர்னலில் சேர்ந்தது. ரெட் ஹாட், ஃபெடோரா இயங்குதளங்களில் இயல்பாகவே வேலை செய்கிறது. கண்டெய்னருக்குள் ஓடும் ப்ராசஸின் லேபிள் ‘கண்டெய்னர்_டி’; பயனரின் வீட்டுக் கோப்புறையில் கிடக்கும் கோப்புக்கு ‘யூசர்_ஹோம்_டி’. 777 இந்த லேபிளைத் தொடுவதே இல்லை. ஆடிட் பதிவேட்டில் ‘டைப்=ஏவிசி’ என்று தொடங்கும் வரியைப் பாருங்கள்: கேட்டது யார், கேட்கப்பட்டது எது, மறுக்கப்பட்ட செயல் என்ன என்று மூன்றும் அங்கே இருக்கும். கோப்புறையை மவுண்ட் செய்யும்போது பாதையின் முடிவில் ஸ்மால் இசட் சேர்த்தால் லேபிள் மாறி, பல கண்டெய்னர்கள் அதைப் பகிரலாம். கேப்பிட்டல் இசட் என்றால் அந்த ஒரு கண்டெய்னருக்கு மட்டும். ஆனால் ‘ஹோம்’, ‘இடிசி’ போன்ற கோப்புறைகளை முழுதாக இப்படி மாற்றினால் சர்வரின் சொந்தச் சேவைகளே தடைபடும். தனிக் கோப்புறை ஒன்றை ஒதுக்குவதே முறை. ஏவிசி வரியே இல்லையென்றால், கண்டெய்னருக்கும் சர்வருக்கும் இடையே பயனர் எண் மாறுகிறதா என்று சோதிக்கலாம். உபுண்டுவில் எஸ்இ-லினக்ஸுக்குப் பதிலாக இயங்கும் ஆப்ஆர்மரின் பதிவைப் பார்க்க வேண்டும்.

கண்டெய்னரே ஒரு தடுப்புதானே, இன்னொரு காவல் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கண்டெய்னர்களை இயக்கும் ‘ரன்சி’ நிரலில் 2019 பிப்ரவரியில் வெளிவந்த ஓட்டை அதற்குப் பதில். கண்டெய்னருக்குள் ரூட்டாக இருந்த நிரல், சர்வரில் உள்ள ரன்சி கோப்பையே மாற்றி எழுதி வெளியேற அது வழி தந்தது. ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 7-இல் எஸ்இ-லினக்ஸை இயங்க விட்டிருந்தவர்களை அந்த லேபிள் விதியே காத்தது. சிறு தொழிலுக்கு இதற்கெல்லாம் நேரமேது என்ற கேள்வி நியாயமானது. ஆனால் ஒரே எழுத்தில் தீரும் சிக்கலுக்கு மொத்த சர்வரின் காவலையும் எடுக்கத் தேவையில்லை. சோதனைக்காக எடுத்தாலும் மறுப்புகள் பதிவாகிக்கொண்டே இருக்கும். அவற்றைப் படித்துவிட்டு, காவலை உடனே திரும்பப் போடலாம். தனி ஆள் வைத்துப் பார்க்க முடியாத சிறு பட்டறைக்குத்தான், தானே காக்கும் இந்த ஏற்பாடு அதிகம் தேவை.