சனிக்கிழமை ஆட்டம், ஞாயிற்றுக்கிழமை ஆட்டம்!

டிஜிட்டல் டெஸ்க்கில் இரவு ஷிஃப்ட் பார்ப்பதால் எனக்கு அறிமுகமானது அமெரிக்கன் ஃபுட்பால். இங்கே ஊர் அடங்கும் நேரத்தில்தான் அங்கே மேட்ச் ஆரம்பிக்கும். ஹெல்மெட் மாட்டிய ஆஜானுபாகுவான ஆட்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுவார்கள். ஆரம்பத்தில் அவ்வளவுதான் புரிந்தது. மீதியைச் சொல்லிக்கொடுத்தவர், மிச்சிகனில் எம்.எஸ். படிக்கும் என் பெரியம்மா மகன்.

"அண்ணா, என்.எஃப்.எல்.தானே பெரிய லீக்? நீங்க ஏன் காலேஜ் மேட்சுக்கு இவ்ளோ துடிக்கிறீங்க?" என்று ஒருமுறை கேட்டேன்.

"ரெண்டையும் ஒரு சீசன் முழுக்கப் பாரு. அப்புறம் பேசலாம்" என்றார். பார்த்தேன்.

இரண்டிலும் ஒரே அளவு மைதானம், அணிக்கு 11 பேர். ஆனால், விதிகளில் சின்னச் சின்ன வித்தியாசங்கள். எல்லைக்கோட்டை ஒட்டிப் பந்தைப் பிடிக்கும் கல்லூரி வீரருக்கு ஒரு கால் உள்ளே பட்டாலே போதும். என்.எஃப்.எல்-லில் இரண்டு காலும் பட வேண்டும். பந்தோடு ஓடுபவர் தானாக வழுக்கி விழுந்து முழங்கால் தரையில் பட்டால், கல்லூரியில் அந்த ஓட்டம் அங்கேயே முடிந்தது. என்.எஃப்.எல்-லில் எதிரணி தொடாதவரை எழுந்து ஓடலாம். லீக் சுற்றில் கூடுதலாக 10 நிமிடம் ஆடியும் சமன் என்றால், என்.எஃப்.எல். அணிகள் டிராவோடு வீட்டுக்குப் போய்விடும். கல்லூரி அணிகள் விடாது. 2021-ல் இல்லினாய் அணி, பென் ஸ்டேட்டை 20-18 என்று வீழ்த்த ஒன்பது கூடுதல் சுற்றுகள் தேவைப்பட்டன!

என்.எஃப்.எல்-லில் மொத்தமே 32 அணிகள். கடைசி இடம் பிடித்த அணிக்குத்தான் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் 'டிராஃப்ட்'டில் முதல் வாய்ப்பு. சம்பளத்துக்கும் உச்சவரம்பு உண்டு. அதனால், யாரும் யாரையும் ஜெயிக்கலாம். கல்லூரியில் அப்படி இல்லை. 650-க்கும் மேற்பட்ட கல்லூரிகள் ஆடுகின்றன. பணமும் பெயரும் உள்ள பல்கலைக்கழகம் நல்ல வீரர்களை அள்ளிக்கொள்ளும். சில மேட்ச்சுகள் பாதியிலேயே முடிந்த கதைதான்.

ஆனாலும் கூட்டம் குறைவதில்லை. அண்ணா போகும் மிச்சிகன் ஸ்டேடியத்தில் 1,07,601 பேர் உட்காரலாம். என்.எஃப்.எல். அணிகளின் எந்த ஸ்டேடியமும் அவ்வளவு பெரிதில்லை. கல்லூரி ஆட்டத்துக்கு இடைஞ்சல் வரக்கூடாது என்று 1961-லேயே ஒளிபரப்புச் சட்டத்தில் பாதுகாப்பு செய்துவிட்டார்கள். அதனால்தான் செப்டம்பர் முதல் டிசம்பர் நடுப்பகுதிவரை சனிக்கிழமை மாணவர்களுடையது, ஞாயிற்றுக்கிழமை என்.எஃப்.எல்-லுடையது.

இத்தனை பேர் டிக்கெட் வாங்கிப் பார்த்த அந்த மாணவர்களுக்குக் கிடைத்தது என்ன? பல ஆண்டுகளாக ஸ்காலர்ஷிப் மட்டும்தான், அதுவும் எல்லோருக்கும் இல்லை. அதேசமயம், பல மாநிலங்களில் மிக அதிகச் சம்பளம் வாங்கும் அரசு ஊழியர், பல்கலைக்கழகத்தின் ஃபுட்பால் அல்லது பாஸ்கெட்பால் பயிற்சியாளர்! 2021-ல்தான் வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குத் தந்து சம்பாதிக்க வழி பிறந்தது. கல்லூரிகளே நேரடியாகப் பணம் தரலாம் என்றானது 2025-ல். சம்பளத்தில்தான் இவ்வளவு வித்தியாசம். மோதலில் முழங்கால் பிசகினால் வலி இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

சரி, கல்லூரியில் ஆடினால் என்.எஃப்.எல்-லுக்குப் போய்விடலாமா? பள்ளி முடித்து மூன்று ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும். டிராஃப்ட்டில் ஏழு சுற்றுகளில் சுமார் 250 பேரை எடுப்பார்கள். தகுதி பெற்ற கல்லூரி வீரர்களில் நூற்றுக்கு இரண்டு பேருக்குக்கூட அந்த வாய்ப்பு அமைவதில்லை. 2000-ல் 199-வது ஆளாகத் தேர்வான டாம் பிராடி, ஏழு சூப்பர் பவுல் வென்றார். அந்தக் கதையை எல்லோரும் எழுதுவோம். தேர்வாகாதவர்களைப் பற்றி எழுத யாருக்கும் நேரமில்லை.

எனக்கு அது உறுத்துகிறது. என்னோடு ஜர்னலிசம் டிப்ளமோ படித்தவர்களில் இன்று செய்தி வேலையில் இருப்பவர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். வகுப்பிலேயே நன்றாக எழுதிய தோழி இப்போது வங்கியில் இருக்கிறாள். 'ஃபீல்டுல நிக்க முடியலையா?' என்று அவளைக் கேட்பவர்களுக்கு, அவள் எழுதிய அந்த இரண்டு வருடம் கணக்கிலேயே இல்லை. கல்லூரி ஆட்டத்தை வெறும் ஏணியாகப் பார்ப்பவர்களும் இதே கணக்கைத்தான் போடுகிறார்கள்.

சீசனின் கடைசி உள்ளூர் ஆட்டத்தை அங்கே 'சீனியர் டே' என்பார்கள். கடைசி வருட மாணவர்கள் ஒவ்வொருவராக மைதானத்துக்குள் வருவார்கள், அம்மா ஒரு பக்கம், அப்பா ஒரு பக்கம். பெயரை அறிவிக்க, ஸ்டேடியமே எழுந்து கைதட்டும். அவர்களில் பெரும்பாலானோர் அடுத்த வருடம் ஹெல்மெட் மாட்டப்போவதில்லை. அது கைதட்டுபவர்களுக்கும் தெரியும்.

அண்ணாவிடம் மறுபடி அந்தக் கேள்வியை நான் கேட்கவில்லை.