செராமிக் கோட்டிங்குக்கு முன்னாடி: கார் பெயின்ட், வீல், அப்புறம் அந்த ஆசிட் பாட்டில்

கோட்டிங் போடலாமா டாக்டர்னு கேக்கற நண்பர்கள் ஜாஸ்தி ஆயிட்டாங்க. ஞாயித்துக்கிழமை காரை நானே கழுவற ஆளுங்கறது வெளியில தெரிஞ்சு போச்சு போல. எந்த பிராண்ட் நல்லதுனு நான் சொல்லப் போறதில்ல. போடறதுக்கு முன்னாடி பண்ற தயாரிப்பு வேலை பத்திதான் இந்த த்ரெட். அதுல ஒரு மருத்துவ விஷயம் இருக்கு, அதுக்காகத்தான் எழுதறேன். கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

கோட்டிங்குங்கறது மெல்லிசான, கண்ணாடி மாதிரியான ஒரு படலம். அடியில என்ன இருக்கோ அதையும் சேர்த்து மூடிடும். அழுக்கு, கீறல், தார் புள்ளி எதுவா இருந்தாலும் உள்ளேயே தங்கிடும். ஆபரேஷனுக்கு முன்னாடி தோலைச் சுத்தம் பண்ணி, மருந்து காயற வரைக்கும் காத்திருக்கிற மாதிரிதான் இதுவும். நேரத்துல பெரும்பகுதி தயாரிப்புக்கே போயிடும்.

நிழல்ல நிறுத்துங்க. பானெட் தொட்டா சூடு இருக்கக் கூடாது. முதல்ல வீல், அப்புறம் பாடி. வீலுக்குத் தனி துணி, தனி பக்கெட். பாடிக்கு ரெண்டு பக்கெட்: ஒண்ணுல ஷாம்பூ, ஒண்ணுல துணியை அலச வெறும் தண்ணி. போர் தண்ணிய அப்படியே காய விட்டா உப்புக் கறை படியும். கோட்டிங் அதைத் தடுக்கும்னு சொன்னா முழுசா நம்பாதீங்க.

கழுவிக் காஞ்சதும் ஒரு மெல்லிய பாலிதீன் கவருக்குள்ள கையை விட்டு பெயின்ட் மேல தடவிப் பாருங்க. கண்ணுக்குத் தெரியாத சொரசொரப்பு விரல்ல தெரியும். வயித்தைத் தொட்டுப் பார்த்தே பாதி கண்டுபிடிக்கிற எங்களுக்கு இது ரொம்பப் பிடிச்ச டெஸ்ட்.

அந்தச் சொரசொரப்புல இரும்புத் துகள் நிறைய. பிரேக் தேயும்போது பறந்து வந்து ஒட்டிக்கறது. அதுக்கு அயர்ன் ரிமூவர் அடிப்பாங்க, ஊதா நிறமா வழியும். பல பிராண்டுகள்ல வேலை செய்யறது தயோகிளைகோலேட். முடி நீக்கற க்ரீம்ல இருக்கிற அதே குடும்பம், அதனாலதான் அந்த நாத்தம். காய விடாம கழுவிடுங்க. திறந்த இடத்துல, கிளவுஸ் போட்டு பண்ணுங்க. மிச்சத்துக்கு க்ளே பார், நிறைய வழுவழுப்புத் தண்ணி அடிச்சு. க்ளே கீழ விழுந்தா தூக்கிப் போட்டுடுங்க, திரும்ப எடுத்துத் தேய்ச்சா மண்ணால கீறற கதைதான்.

பாலிஷ் விஷயத்துல மட்டும் பேராசை வேண்டாம். மேல இருக்கிற க்ளியர் கோட் சாதாரணமா 40, 50 மைக்ரான்தான் இருக்கும். தலைமுடியே சுமார் 70 மைக்ரான். ஒவ்வொரு தடவை அழுத்தி பாலிஷ் போடும்போதும் சில மைக்ரான் போகும். நம்ம மேல்தோல் மாசம் ஒரு தடவை தன்னைத்தானே புதுப்பிச்சுக்கும், க்ளியர் கோட் வளராது. "எல்லா கீறலையும் எடுத்துடறேன் சார்"னு சொல்ற கடையில, பெயின்ட் தடிமன் அளக்கற மீட்டர் இருக்கான்னு கேளுங்க.

இப்ப வீலுக்கு வரேன். இங்கதான் நின்னு பேசணும்.

பல வாட்டர் சர்வீஸ் கடைகள்ல லேபிள் இல்லாத ஒரு பாட்டில் இருக்கும். பேரு "வீல் ஆசிட்". ஸ்ப்ரே பண்ணினா நிமிஷத்துல பளபளன்னு ஆயிடும். இப்படிப்பட்ட சிலதுல ஹைட்ரோஃபுளூரிக் ஆசிட் இருக்கும், இல்லன்னா அதையே வெளிவிடற அம்மோனியம் பைஃபுளூரைடு இருக்கும்.

நைட் டியூட்டியில ஒரு பையன் வந்தான். இருபது வயசு இருக்கும். மூணு விரல் நுனியில உயிர் போற வலி. பார்த்தா தோல்ல லேசான சிவப்பு, அவ்வளவுதான். வலிக்கும் காயத்துக்கும் சம்பந்தமே இல்ல. என்னப்பா வேலைன்னு கேட்டேன். "கார் கழுவற கடை சார். காலையில வீல் ஆசிட் போட்டேன், அப்ப ஒண்ணும் எரியல." அந்தக் கடைசி வார்த்தையிலேயே விஷயம் புரிஞ்சுடுச்சு.

மத்த ஆசிட் தோல் மேலேயே சுடும், கையை உடனே இழுத்துடுவோம். இது ரசாயன கணக்குல வீக்கான ஆசிட். அதனாலேயே தோலைத் தாண்டி உள்ள நழுவிப் போகும். உள்ள போன ஃபுளூரைடு, திசுவுல இருக்கிற கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடிச்சுக்கும். நீர்த்த ஆசிட்னா வலி பல மணி நேரம் கழிச்சு, சமயத்துல மறுநாள்தான் ஆரம்பிக்கும். அதிகமா பட்டா ரத்தத்துல கால்சியம் இறங்கி இதயத் துடிப்பே தாறுமாறாகும். உயிரே போகலாம்.

மாத்து மருந்து கால்சியம். ஜெல் கையில இல்ல, கால்சியம் குளுக்கோனேட் ஊசி மருந்தை வழுவழுப்பு ஜெல்லில் கலந்து, கிளவுசுக்குள்ள ஊத்தி அவன் கையில மாட்டிவிட்டோம். வலி மெதுவா அடங்கிச்சு. ஈசிஜி நார்மல். விரல் தப்பிச்சுது. அந்த பாட்டில் என்னன்னு அவனுக்கு யாரும் சொல்லித் தரவே இல்ல. எனக்குக் கோபம் அதுலதான்.

அதனால கடைக்காரர்கிட்ட வாய்விட்டுக் கேளுங்க: "வீலுக்கு என்ன அடிக்கறீங்க அண்ணா? பாட்டிலைக் காட்டுங்க." ஃபுளூரைடுன்னு இருந்தா என் காருக்கு வேண்டாம்னு சொல்லிடுங்க. மெல்லிய லேடெக்ஸ் கிளவுஸ் அதுக்குப் பத்தாது. அந்த ஆசிட் கண்ணாடியையே அரிக்கும், அலாய் வீலையும் மங்கடிக்கும். வீல் ஷாம்பூ, பிரஷ், அயர்ன் ரிமூவர், கூட அரை மணி நேரம் இருந்தா அதே வேலை நடக்கும். கூலி கொஞ்சம் கூட கேட்டா கொடுங்க.

யார் மேலயாவது பட்டுட்டா உடனே ஓடற தண்ணியில நல்லா கழுவணும், மோதிரம், நனைஞ்ச துணி எல்லாம் கழட்டணும். டூத்பேஸ்ட், இங்க் எதுவும் தடவக் கூடாது. வலி இல்லன்னாலும் பாட்டிலோட எமர்ஜென்சிக்குப் போகணும். கண்ணுல பட்டாலும் அப்படித்தான். போனதும் "ஃபுளூரைடு ஆசிட்"னு முதல் வார்த்தையா சொல்லுங்க.

வீலைக் கழட்டிப் பண்றவங்களுக்கு: ஜாக்கியை மட்டும் நம்பாதீங்க, ஸ்டாண்ட் வைங்க. பிரேக் டிஸ்க், பேட் மேல கோட்டிங் படவே கூடாது, பிரேக் பிடிக்காது. திரும்ப மாட்டினதும் நட்டை டார்க் ரென்ச்சால முறுக்குங்க, நூறு கிலோமீட்டருக்குள்ள ஒரு தடவை மறுபடி செக் பண்ணுங்க.

கடைசியா ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் கலவையால துடைச்சு பாலிஷ் எண்ணெயை எடுக்கணும். நம்ம ஹேண்ட் ரப் சமாச்சாரம்தான், தீப்பிடிக்கும். மூடின ஷெட்டுல வேண்டாம், பக்கத்துல பீடி சிகரெட்டும் வேண்டாம். கோட்டிங் போட்டதும் குறைஞ்சது ஒரு நாள் தண்ணி படக் கூடாது. ஐப்பசி, கார்த்திகையில சென்னைக்காரங்க மூடின பார்க்கிங் இல்லாம இந்த வேலையை ஆரம்பிக்காதீங்க.