லேடி ஓட்டுன வண்டி

நிறுத்தி வைத்திருந்த வண்டி அது. கல்லூரி மதிலோரம், பிற்பகல் மூன்று மணி. நான் வகுப்பில் இருந்தேன். பிரேக் பிடிக்காத லாரி ஒன்று என் ஆம்னியை மதிலோடு சேர்த்து நசுக்கிவிட்டது. செய்தி கேட்டவர்கள் எல்லோரும் முதலில் கேட்டது ஒன்றுதான்: "நீங்களா ஓட்டினீங்க?"

பழுதுபார்க்கும் செலவு காப்பீட்டு மதிப்பில் 75 விழுக்காட்டைத் தாண்டினால் 'டோட்டல் லாஸ்' என்று எழுதிவிடுவார்கள். என் 2012 மாடல் வண்டிக்கும் அப்படியே எழுதினார்கள். கைக்கு வந்தது 90 ஆயிரம். ஆம்னி தயாரிப்பை 2019இலேயே நிறுத்திவிட்டதால், பழைய ஈக்கோ ஒன்றைத் தேடத் தொடங்கினேன்.

சினிமாவில் பெண்களைக் கடத்துவதற்கென்றே ஓடிய வண்டி ஆம்னி. என்னிடம் அது வேறு வேலை பார்த்தது. பக்கவாதம் வந்த அம்மாவையும் அவர் சக்கர நாற்காலியையும் தள்ளுகதவு வழியே ஏற்றிக்கொள்ளும். இலக்கியக் கூட்டங்களில் கடைசி பஸ்ஸை நினைத்துப் பாதியில் எழும் தோழிகளிடம், "உட்காருங்கடி, நான் இறக்கிவிடுறேன்" என்று சொல்லும் தைரியத்தை எனக்குத் தந்ததும் அதுதான்.

"இனி வண்டி எதுக்குக்கா? ஒரு போன் போட்டா நான் வரமாட்டேனா?" என்றான் தம்பி. வருவான், அன்பானவன். ஆனால் எங்கே, எதற்கு, எத்தனை மணிக்கு என்ற மூன்று கேள்விகளும் அவனோடு சேர்ந்தே வரும்.

அவனையும் அழைத்துக்கொண்டு திருச்சியில் ஒரு கார் கன்சல்டிங்குக்குப் போனேன். கடைக்காரர் அவனிடம் மட்டுமே பேசினார். மைலேஜ், டயர், இன்சூரன்ஸ் எல்லாம் அவனுக்குத்தான் விளக்கம். என் கேள்விக்கான பதிலும் அவன் முகத்தைப் பார்த்தே வந்தது. "லேடி ஓட்டுன வண்டி சார், சிங்கிள் ஓனர், அடிச்சு ஓட்டல" என்றார். பெண் ஓட்டினாள் என்றால் வண்டிக்கு விலை கூடுகிறது. அதே பெண் வாங்க வந்தால் பேச ஒரு சார் தேவைப்படுகிறார். தம்பி பைக்கைத் தவிர எதையும் ஓட்டியதில்லை. கார் லைசென்சே அவனிடம் கிடையாது.

அடுத்த கடைக்குத் தனியாகப் போனேன். "சார் வரலையா மேடம்?" வரவில்லை என்றேன். மீட்டர் 42 ஆயிரம் கிலோமீட்டர் காட்டியது, பிரேக் பெடல் ரப்பரோ வழவழவென்று தேய்ந்திருந்தது. முன் சீட்டைத் தூக்கி இன்ஜினைப் பார்த்தேன். தரை மேட்டை விலக்கினால் துருவின் மேல் புதுப் பெயிண்ட். ஆர்.சி. புக்கை வாங்கிச் சேஸிஸ் எண்ணை ஒப்பிடக் குனிந்தபோது கடைப் பையன்கள் சிரித்தார்கள். என் மெக்கானிக் அண்ணன் பத்து வருடம் சொல்லிக்கொடுத்த பாடங்கள் இவை. அந்த வண்டி வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

கடைசியில் ஒரு வீட்டில் வண்டி அமைந்தது. 2016 மாடல், ஆர்.சி.யில் ஒரு பெண் பெயர். பேரம் பேசியது அவர் கணவர். பெயர் மாற்ற படிவம் 29, 30 இரண்டிலும் உரிமையாளர் கையெழுத்து வேண்டும் என்றதும், உள்ளே குரல் கொடுத்துவிட்டுப் பெட்டியில் சாவியைத் தேடப் போனார். ஈரக் கையைப் புடவையில் துடைத்தபடி வந்தார் அந்த அம்மா. ஓய்வு பெற்ற தலைமையாசிரியை. சமையலறை வாசலில் நின்றபடியே கையெழுத்துப் போட்டார்.

"நீங்க ஓட்டுவீங்களா டீச்சர்?"

"லோன் என் சம்பளத்துலதான் பிடிச்சாங்கம்மா. ஒரு நாளும் ஓட்டினதில்ல." பிறகு மெதுவாக, "நீங்களேவா ஓட்டிட்டுப் போகப்போறீங்க?" என்றார்.

"ஆமா. உட்கார்ந்து பாக்குறீங்களா?"

வாசலை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு ஏறி உட்கார்ந்தார். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்தார். ஹாரனை அழுத்தினார்.

"யாரு அது ஹாரன் அடிக்கிறது?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"நான்தான்" என்று சொல்லிவிட்டு, இன்னொரு தரம் அழுத்தினார்.