தோலும் பாலும்: சில குறிப்புகள்

மலேசியாவின் தம்பூனில் சாலையோரக் கடையில் வாங்கும் பம்பளிமாஸில் தோலே கணிசமான எடை. பச்சைத் தோலில் தெரியும் நுண்புள்ளி ஒவ்வொன்றும் ஓர் எண்ணெய்ப் பை. நகத்தால் கீறினால் பீய்ச்சி அடிக்கும். அடியில் உள்ள வெள்ளைப் பஞ்சில் வாசம் கிடையாது. நாரிஞ்சின் என்னும் பொருள் தரும் கசப்புதான்.

*

அந்தப் பைகளில் உள்ள எண்ணெயில் பெரும்பங்கு லிமொனீன் என்னும் சேர்மம். ஆரஞ்சுத் தோல் எண்ணெயில் ஏறத்தாழ 95 விழுக்காடு, எலுமிச்சையில் 65 முதல் 70. ஆனால் எது எந்தப் பழம் என்று மூக்குக்குச் சொல்வது மிச்சசொச்சம்தான். எலுமிச்சைக்கு இரண்டு மூன்று விழுக்காடு சிட்ரால் போதும். பம்பளிமாஸுக்கு நூட்கட்டோன், அது ஒரு விழுக்காடுகூடத் தேறாது. லிமாவ் பூருட் என்னும் எலுமிச்சை வகை வேறு வழி: தோலில் பீட்டா பைனீனும் சபினீனும் தூக்கலாக இருக்கும், இலையில் சிட்ரோநெல்லால்.

*

லிமொனீனில் 10 கார்பன், 16 ஹைட்ரஜன். அதாவது ஐசோப்ரீன் என்னும் சிறு மூலக்கூறு இரண்டு சேர்ந்தது. அதே ஐசோப்ரீன் ஆயிரக்கணக்கில் கோத்து நின்றால் ரப்பர். பிரிட்டிஷ் அதிகாரி ஹியூ லோ 1877இல் கோலாகங்சாரில் நட்ட கன்றுகளும், பின்னாளில் தோட்டங்களில் நம்மவர்கள் விடியுமுன் வெட்டிய பால்மரங்களும் செய்தது இந்தக் கோப்பு வேலையைத்தான்.

*

வேதியியலர் கிரெவில் வில்லியம்ஸ் 1860இல் ரப்பரைக் காய்ச்சி வடித்து ஐசோப்ரீனைப் பிரித்தார். அப்படி வடித்தால் டைபென்ட்டீனும் வரும். அது லிமொனீனின் இடக்கை, வலக்கை வடிவங்கள் சரிபாதி கலந்தது. ஐசோப்ரீன் கோத்து உருவாகும் இந்த டெர்ப்பீன் குடும்பத்துக்கு ஒழுங்கு கண்ட ஓட்டோ வாலாக்குக்கு 1910இல் நோபல் பரிசு.

*

ரப்பரும் பழத்தோல் எண்ணெயும் உறவு என்பதை ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்தவர்கள் நம்பத் தயங்குவார்கள். ஒட்டுப்பால் நாற்றம் எங்கே, பழத்தோல் வாசம் எங்கே! நாறுவது ரப்பர் அல்ல. பாலில் உள்ள புரதத்தையும் சர்க்கரையையும் நுண்ணுயிர்கள் தின்று வெளியிடும் அமிலங்கள்.

*

ஊதிய பலூன் அருகே தோலைப் பிழிந்தால் பட்டென்று வெடிக்கும். இனம் இனத்தோடு சேரும் கதை: லிமொனீன் ரப்பருக்குள் ஊறி, சவ்வை இளக்கிவிடுகிறது.

*

தோலைப் பிழிந்து எடுத்த எண்ணெயை உடம்பில் பூசிக்கொண்டு வெயிலில் போகக் கூடாது. அதில் இருக்கக்கூடிய ஃபுரானோகூமரின்கள் என்னும் பொருள்கள் வெயிலில் சருமத்தைக் கொப்பளிக்கவைக்கும். ஆவியில் வடித்த எண்ணெயில் அவை அநேகமாக இராது.

*

காற்றுப் பட்டால் லிமொனீன் கெட்டு அரிப்பு உண்டாக்கும். ஆகவே அடர்நிறக் கண்ணாடிப் புட்டியில், கழுத்துவரை நிரப்பி வைக்க வேண்டும். ரப்பர் மூடி மட்டும் வேண்டாம். பலூனுக்கு ஆனது அதற்கும் ஆகும்.