சிநேகிதியின் கயிறு

என் வலது உள்ளங்கையில் குறுக்காக ஒரு தழும்பு இருக்கிறது. "இதென்ன?" என்று கேட்டவர்களிடமெல்லாம், ஏறக்குறைய நாற்பது வருஷமாக, "தோசைக்கல் சுட்டுவிட்டது" என்று சொல்லி வந்திருக்கிறேன். தோசைக்கல் இப்படிக் கோடு கிழித்தாற்போல் சுடுமா என்று ஒருவரும் திருப்பிக் கேட்டதில்லை. பெண்பிள்ளை கையில் காயம் என்றால் அது அடுப்பங்கரையில் பட்டதாகத்தான் இருக்க வேண்டும் என்று உலகம் தீர்மானித்து வைத்திருக்கிறது போலும்!

1984-ம் வருஷம் மே மாதம், பச்சேந்திரி பால் எவரெஸ்ட் சிகரத்தில் கால் வைத்தார். இந்தியப் பெண்களில் அவர்தான் முதல். அப்போது நானும் என் சிநேகிதியும் பெங்களூரில் ஒரே பாங்கியில் குமாஸ்தாக்கள். பத்திரிகையும் கையுமாக அவள் என் மேஜைக்கு வந்து, "நாமும் ஏறணும்டீ" என்றாள்.

"எவரெஸ்டா?"

"ராமநகரம்."

மைசூர் ரயிலில் போனால் பெங்களூரிலிருந்து சுமார் ஐம்பது கிலோமீட்டர். பட்டுக்கூட்டுக்குப் பேர்போன ஊர். 1975-ல் வந்த 'ஷோலே' படத்தில் கொள்ளைக்காரன் கப்பர் சிங் உட்கார்ந்து கர்ஜித்த பாறைகள் அங்கேதான் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் சில வாலிபர்கள் அங்கே பாறை ஏறப் பழகுவார்கள். அவர்களோடு நாங்களும் சேர்ந்துகொண்டோம். வீட்டில், "ராமர் கோயிலுக்குப் போகிறோம்" என்போம். மலைமேல் ராமர் கோயில் இருப்பது வாஸ்தவம். அதனால் அது முழுப் பொய் ஆகாது. புடவையோடு கிளம்பி, பாறை மறைவில் அண்ணன்மார் நிஜாருக்கு மாறிக்கொள்வோம். அவளுக்கு நிஜார் இடுப்பில் நிற்காது. கொடிக் கயிற்றால் இறுக்கிக் கட்டிக்கொண்டு, "எப்படி என் ஒட்டியாணம்?" என்று கேட்பாள்.

அங்கே இருப்பது கருங்கல். பல இடங்களில் பிடித்துக்கொள்ள ஒரு விளிம்புகூட இராது. பயத்தில் பாறையைக் கட்டிக்கொண்டால் கால் வழுக்கும். தைரியமாக விலகி நிமிர்ந்து நின்றால், உடம்பின் பாரமெல்லாம் பாதத்தில் இறங்கி, கான்வாஸ் ஷூ கல்லைக் கவ்விக்கொள்ளும். எனக்கு இது புத்தியில் ஏறவே ஆறு மாசம் ஆயிற்று. அவளோ முதல் நாளே, மாடிப்படி ஏறுகிறவள் மாதிரி ஏறினாள்.

ஏறுகிறவள் இடுப்பில் கட்டிய கயிறு மேலே ஒரு வளையத்தின் வழியாகப் போய், கீழே நிற்பவளிடம் திரும்பி வரும். கீழே நிற்பவள் அதை முதுகைச் சுற்றி வாங்கி, அவள் ஏற ஏறத் தொய்வில்லாமல் இழுத்துக்கொண்டே இருக்கவேண்டும். வலது கை மட்டும் எந்தக் காரணத்தைக் கொண்டும் கயிற்றை விடக் கூடாது. அவ்வளவுதான் வேலை.

1985-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவள் ஏறிக்கொண்டிருந்தாள், நான் கயிறு பிடித்திருந்தேன். தலைக்கு மேலே கழுகுகள் வட்டமிட்டன. மாட்டுக்குக் கொடுத்த வலிமருந்து, செத்த மாட்டைத் தின்ற கழுகுகளைக் கூட்டங்கூட்டமாகக் கொன்ற கதையெல்லாம் பிற்பாடு நடந்தது. அன்றைக்கு அவை சிறகை அசைக்காமல் மிதந்த அழகில் நான் சொக்கிப் போய் நின்றேன். கயிறு தொய்ந்து என் காலடியில் சுருண்டதைப் பார்க்கவில்லை.

"ஐயோ!" என்ற குரல் கேட்டது. கயிறு என் கையை அறுத்துக்கொண்டு ஓடியது. எப்படியோ இறுக்கிப் பிடித்துவிட்டேன். அதற்குள் அவள் பத்தடி சரிந்து, இடது கணுக்கால் பாறையில் மோதி முறிந்திருந்தது.

மற்றவர்கள் ஓடி வந்தார்கள். வலியில் முகம் வெளுத்திருந்த அவள், "பாசி வழுக்கிவிட்டது" என்றாள். அது உச்சி வெயில். பாறையில் பாசியாவது, மண்ணாவது! அவள் வீட்டில் அது 'கோயில் படி வழுக்கிற்று' என்று ஆயிற்று. என் கை தோசைக்கல்லில் சுட்டதும் அன்றைக்குத்தான்.

மூன்று மாசம் கழித்துக் கட்டுப் பிரித்ததும், நேரே என் வீட்டுக்கு வந்தாள். அதே பாறை, அதே இடம். கயிற்றை என்னிடம் நீட்டினாள். "வேறு யாராவது பிடிக்கட்டும்" என்று அழுதேன்.

"நீதான் பிடிக்கணும். சீக்கிரம், புளியோதரை காய்ந்து போகும்" என்றாள்.

அப்புறம் கல்யாணம், குழந்தை, மாற்றல் எல்லாம் இருவருக்கும் வந்தன. இருந்தாலும் வருஷத்துக்கு ஒரு தடவையாவது போய்க்கொண்டிருந்தோம். 1998-ல் போனஸ் பணத்தில் பங்கு போட்டு, ஐம்பது மீட்டர் நைலான் கயிறு வாங்கினோம். அது அவள் வீட்டில் இருந்தது. அந்தப் பாசிப் பொய்யைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. 2022-ல் வியாதி வந்து போய்விட்டாள். ஆஸ்பத்திரியில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லிவிட நினைத்தேன். மன்னிப்பு என்று வாயெடுத்தாலே சிரித்துவிடுகிற ஜாதி அவள். அதனால் சும்மா பிடித்துக்கொண்டிருந்தேன்.

சில மாசம் கழித்து அவள் பெண் வந்தாள். பழைய புடவையில் வேப்பிலை வைத்துச் சுற்றிய மூட்டையைப் பிரித்து, "மாமி, அம்மாவோட கயிறு. நான் ஏறக் கத்துக்கறேன். இதிலேயே ஏறலாமோன்னோ?" என்றாள்.

கயிறு புத்தம் புதிதுபோல இருந்தது. ஆனால் நைலான் கயிறு பெட்டியில் சும்மா இருந்தாலும் மூப்படையும். பத்து வருஷத்துக்கு மேல் அதை நம்பி உயிரைத் தொங்கவிடக் கூடாது என்று செய்கிறவர்களே சொல்கிறார்கள். வாயால் வேண்டாம் என்றால் போதாது. ஆசை யாரை விட்டது? கூடத்தில் அரிவாள்மணையைப் போட்டு உட்கார்ந்து, கயிற்றை நறுக்க ஆரம்பித்தேன். குழந்தை பதறிப் போய்விட்டாள். அறுத்த நுனிகளை மெழுகுவத்தியில் காட்டி உருக்கிக்கொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமல், கழுகு, தொய்வு, பாசி எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

வெகுநேரம் அவள் பேசவில்லை.

"கழுகைப் பார்க்காதேன்னு அம்மா சொல்லுவா" என்றாள் கடைசியில். "கயிறு பிடிக்கறவா கழுகைப் பார்க்கப்படாதுன்னு. ஏதோ பழமொழியாக்கும்னு நினைச்சிண்டிருந்தேன். யார் பார்த்தான்னு அவ சொன்னதே இல்லை, மாமி."

அந்த மலையை 2012-ல் கழுகுச் சரணாலயமாக அறிவித்துவிட்டார்கள். அதனால் வேறு பாறை பார்த்திருக்கிறோம். பழைய கயிற்றில் ஒரு துண்டு என் வீட்டு மாடியில் துணி உலர்த்தும் கொடியாக இருக்கிறது. புதுக் கயிறு வாங்கியாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஏறப் போவது அவள். பிடிக்கப் போவது நான். புளியோதரையும் என் பொறுப்புத்தான்.