மஞ்சள் வைத்தியம்

ரேடியேட்டர் ஒழுகினால் மஞ்சள்தூளைப் போடு என்று முதன்முதலில் சொன்ன புண்ணியவான் யாராக இருக்கும்? எங்கள் பள்ளிபாளையத்துக்காரராக இருந்தால் எனக்கு வியப்பில்லை. ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் கருங்கல்பாளையம். அப்புறம் ஈரோட்டு மஞ்சள் மண்டி. 2019-இல் புவிசார் குறியீடே வாங்கிவிட்ட மஞ்சள். லாரிக்காரர் கைக்கு வேறென்ன எட்டும்? எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னதுமே ‘சிக்கன்’ என்று சப்புக்கொட்டுகிறவர்களுக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது!

வைத்தியம் பொய்யில்லை. சூட்டுத் தண்ணீரில் தூள் ஊறி உப்பும். ஒழுகுகிற ஊசித்துளைக்குத் தண்ணீரே அதை இழுத்துக்கொண்டு போகும், போய் அடைத்துக்கொள்ளும். சங்ககிரி வரைக்குமாவது வண்டி போய்ச் சேரும். சேர்ந்ததும் கழுவி எடுக்காவிட்டால் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் சேர்த்து அடைக்கும், அது வேறு.

இதைக் கேட்டுச் சிரிக்கிற இன்ஜினியரிங் பிள்ளைகளுக்கென்றே ‘நாட்டிலஸ்’ கதையை வைத்திருக்கிறேன். உலகின் முதல் அணுசக்தி நீர்மூழ்கி அது. 1958-இல் பனிக்கட்டிக்கு அடியிலேயே வட துருவத்தைக் கடக்க ரகசிய ஏற்பாடு. அந்த நேரம் பார்த்து, நீராவியைக் குளிர்விக்கும் கண்டென்சருக்குள் கடல்தண்ணீர் கசிகிறது. எங்கே என்று தேடித் தேடி ஓய்ந்தார்கள். கேப்டன் வில்லியம் ஆண்டர்சன் சியாட்டிலில் கப்பலை நிறுத்தி, மாலுமிகளைச் சாதாரண உடுப்பில் ஊருக்குள் அனுப்பினார். பெட்ரோல் பங்குகளில் கார் ரேடியேட்டர் ஒழுகலுக்கு விற்கிற மருந்தை 140 டப்பா வாங்கி வந்தார்கள். பாதியை ஊற்றியதுமே கசிவு நின்றது. ஆகஸ்ட் 3 அன்று கப்பல் துருவத்தைக் கடந்தது. அந்த பங்க்காரரின் முகத்தை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு. “உங்களுக்கு எத்தனை லாரிங்க ஓடுது?” என்று கேட்டிருக்க மாட்டாரா?

ஆனால் இன்ஜின் சிலிண்டரை மூடியிருக்கும் ஹெட்டிடம் இந்தப் பாச்சா பலிக்காது. ரேடியேட்டர் மூடி தாங்குவது ஏறக்குறைய 1 பார் அழுத்தம். டீசல் சிலிண்டருக்குள் வெடிப்பதோ 100 பாருக்கு மேல். ஹெட்டில் விரிசல் விட்டால் அந்த வாயு தண்ணீருக்குள் புகுந்து, மஞ்சளையும் மருந்தையும் எட்டித் தள்ளிவிடும்.

எங்கள் இளவட்டங்கள் வேறு சும்மா இருப்பதில்லை. யமஹா ஆர்எக்ஸ் 100-இல் வாயு போய்வரும் போர்ட்டைக் குடைந்து வேகம் கூட்டிப் பழகிய கை. அது காற்றிலேயே ஆறுகிற இன்ஜின். ஒழுகத் தண்ணீரே கிடையாது. அதே தைரியத்தோடு கார் ஹெட்டில் கிரைண்டரை விட்டால், சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர் அறை. ஒரு நூல் கூடுதலாகப் போனால் முடிந்தது கதை.

அப்படிக் குடைந்து ஓட்டையான ஹெட்டை லேத் பட்டறையில் சோதிப்பதைப் பார்க்க வேண்டும். தண்ணீர் வழிகளையெல்லாம் ரப்பரும் பிளேட்டும் வைத்து முறுக்கி, உள்ளே காற்றடித்து, வெந்நீர்த் தொட்டியில் இறக்குகிறார்கள். பச்சைத்தண்ணீரில் ஒன்றும் தெரியாத ஹெட், சூடேறியதும் வாய் திறக்கும். இரண்டு வால்வுகளுக்கு நடுவிலிருந்து கடுகு கடுகாகக் குமிழி கிளம்பும். அலுமினியம் என்றால் ஆர்கான் வெல்டிங். வார்ப்பிரும்பு என்றால் முழு ஹெட்டையும் காய்ச்சி, நிக்கல் ராடால் பற்றவைத்து, சாம்பலில் புதைத்து மெதுவாக ஆறவிட வேண்டும். அவசரப்பட்டால் ஒட்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே புதிதாக விரியும். பிறகு முகத்தைச் சமமாக்கும் ஃபேஸிங், திரும்பவும் தொட்டி.

குடையாத ஹெட்டையும் கெடுக்க எங்கள் ஊரில் வழி உண்டு. சாயக்கழிவு இறங்கிய போர் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றினால் போதும். உப்புப் படிந்து, இன்ஜின் கொதித்து, ஹெட் கோணிக்கொள்ளும். கூலண்ட் ஊற்றுங்கள் ஐயா. அந்த விலை ஹெட் வேலைக் கூலியில் ஒரு மூலைக்குக்கூட வராது.